கச்சானுக்குப் பூட்டிய யன்னல்

எங்கள் படுக்கையறையின் மேற்குச் சுவரில் இரவு 11 மணிக்கு உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். சோறு வடித்து இறக்கி வைத்த பானையின் வெளிப்பக்கம் போல இருக்கும். கையைச் சுடாது, ஆனால் உள்ளுக்குள் சூடு உட்கார்ந்திருப்பது தெரியும். வெளியே முற்றம் ஆறிக் கிடக்கிறது. அயல் வீட்டு நாய் மணலில் சுருண்டு நிம்மதியாகத் தூங்குகிறது. எங்கள் அறைக்குள் மட்டும் பகல் இன்னும் முடியவில்லை.

நான் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவன். வெப்பம் கடத்தல், மேற்காவுகை, கதிர்ப்பு என்று மூன்று வழியில் இடம்மாறும் என்பதை வருடா வருடம் கரும்பலகையில் எழுதுகிறவன். அப்படிப்பட்ட ஆள் சொந்தக் கடனில், சொந்த யோசனையில், அந்த மூன்று வழியாலும் சூடேறுகிற அறை ஒன்றைக் கட்டி வைத்தேன். அதைத் தூங்கக்கூடிய இடமாக மாற்ற எனக்கு ஏழெட்டு வருடம் பிடித்தது. மாமி சொன்னதை முதல் நாளே கேட்டிருந்தால் ஏழெட்டு நாள் போதும்.

இலங்கையின் கிழக்குக் கரையில் இருக்கிற எங்கள் மட்டக்களப்பில் வீடு பெண்ணுக்குத்தான். கலியாணம் முடித்தவன் மனைவி வீட்டுக்குப் போய் இருப்பான். அந்த வீடு பிறகு மகளுக்குப் போகும். வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் வயலும் களிமண்ணுமாக வளர்ந்து, வாவிக்கும் கடலுக்கும் நடுவே இருக்கிற கல்லடிக்கு மருமகனாக வந்தவன் நான். மாமியின் வீடு பழைய ஓட்டு வீடு. முன்னால் விறாந்தை, நடுவில் பெரிய அறை, அண்ணாந்து பார்க்கிற கூரை, சிவப்புச் சீமெந்து நிலம். அதற்குள் யாரும் வியர்த்து விறுவிறுத்து நான் பார்த்ததில்லை. ஆனால் இரண்டு பிள்ளைகள் பிறந்த பிறகு இடம் போதவில்லை. 2016 இல் கடன் எடுத்து, பின்பக்கம் குசினிக்கு மேலே ஓர் அறை எழுப்பினேன்.

12 அடிக்கு 11 அடி. புளொக்கல் சுவர். மேலே ஓடு வேண்டாம், கொங்கிரீட் சிலாப் போடுவோம், மகள் வளர்ந்தால் இன்னொரு மாடி எடுக்கலாம் என்று கம்பிகளையும் வானத்தைப் பார்த்து நீட்டி விட்டேன். அந்தக் கம்பிகளில் வெகு காலம் காகம்தான் குடியிருந்தது. மேற்கே ஒரு பெரிய கண்ணாடி யன்னல். அதில் நின்றால் வாவி தெரியும். வேலை செய்த மேசன் பாஸ் ஒரு தடவை சொன்னார்: "சேர், இந்தப் பக்கம் வெயில் விழும், சின்ன யன்னல் போதுமே." வாவி தெரிய வேண்டும் என்றேன். தெரிந்தது. பிற்பகல் 2 மணியிலிருந்து 6 மணி வரை சூரியனும் சேர்ந்தே தெரிந்தது.

சிலாப் மேல் எனக்கு மட்டும் இல்லை, எங்கள் பக்கத்தில் பலருக்கும் ஒரு பக்தி உண்டு. 1978 நவம்பர் 23 சூறாவளியில் ஓடும் தென்னோலைக் கிடுகும் பறந்ததைக் கண்ணால் கண்ட சனம் இது. காற்றுக்கு அசையாத கூரை வேண்டும் என்பது செத்துப்போன மாமாவின் ஆசை என்று மாமி சொல்வார். ஆசை நியாயமானதுதான். அசையாத கூரை அனலையும் அசைய விடாது என்பதை யாரும் அப்போது சேர்த்துச் சொல்லவில்லை.

கச்சான் என்றால் நிலக்கடலை என்று நினைக்கிறவர்களுக்கு ஒரு விளக்கம். எங்களுக்கும் அது கடலைதான்; ஆனால் வைகாசி பிறந்ததும் அந்தச் சொல்லுக்கு வேறு பொருள் வந்துவிடும். "கச்சான் அடிக்குது" என்று மாமி சொன்னதைக் கேட்டு, எங்கே வறுக்கிறார்கள் என்று வாசலைப் பார்த்த வெளியூர் நண்பர் ஒருவர் எனக்கு உண்டு. மேற்கிலிருந்து வருகிற வறண்ட காற்றுக்குத்தான் அந்தப் பெயர். தென்மேற்குப் பருவக்காற்று மலைநாட்டின் மேற்குச் சரிவில் ஏறும்போது தன்னிடம் இருந்த ஈரத்தை அங்கேயே மழையாகக் கொட்டிவிடுகிறது. வட்டவளையிலும் கினிகத்தேனையிலும் சனம் குடையோடு திரிகிற அதே நாட்களில், மலையைத் தாண்டிய காற்று வெறுங்கையோடு ஊவாப் பக்கம் இறங்கி, அம்பாறை வயல்களைக் கடந்து எங்களிடம் வருகிறது. காய்ந்த காற்று 100 மீற்றர் இறங்கினால் ஏறத்தாழ 1 பாகை சூடாகும். ஆயிரம் மீற்றருக்கு மேல் இறங்கி வருகிற காற்றின் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். துவைத்துப் போட்ட சாரன் அரை மணியில் மொறமொறவென்று காய்ந்துவிடும். உதடு வெடிக்கும். பூட்டாத கதவெல்லாம் படார் படாரென்று அடிக்கும். நாட்டின் மற்றப் பாதிக்கு மழைக்காலமாக இருக்கிற மாதங்கள் எங்களுக்கு நடுக்கோடை.

அந்தக் காற்றுக்குத்தான் முதல் இரண்டு வருடமும் என் வாவி யன்னலை விரியத் திறந்து வைத்தேன். காற்றோட்டம் இருந்தால் அறை குளிரும் என்று நினைத்தேன். பாடசாலை விட்டு வந்து பார்த்தால் கட்டில் சட்டம் சுடும், அலுமாரிக் கதவு சுடும், தலையணைகூடச் சுடும்.

மாமி மேலே ஏறி வருவது குறைவு, முழங்கால் விடாது. சிலாப்பில் மிளகாய் காயப்போட ஒரு நாள் வந்தவர், எங்கள் அறைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு வாசலிலேயே நின்றுவிட்டார்.

"கச்சான் அடிக்கக்குள்ள ஆராவது யன்னலத் திறந்து போடுவாங்களா மருமகன்? விடியத் திறந்து, வெயில் ஏற முன்னம் பூட்டிரணும். பொழுது பட்டா மறுகா திறக்கலாம்."

"காத்து வேணுமே மாமி" என்றேன்.

"அது காத்தில்ல. அனல்."

நான் அதை நம்பவில்லை என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. படித்தவனுக்கு வருகிற நோய் அது: ஆள் சொன்னால் போதாது, கருவி சொல்ல வேண்டும். சின்ன இலக்கமுறை வெப்பமானி ஒன்று வாங்கி, கட்டில் தலைமாட்டில் தொங்கவிட்டேன். ஒரே மாதிரிக் கச்சான் அடித்த இரண்டு நாட்களில், ஒரு நாள் எல்லா யன்னலையும் திறந்து வைத்தேன். மறுநாள் காலை 8 மணிக்கே பூட்டி, தடித்த சீலையும் இழுத்து விட்டேன். திறந்திருந்த நாளில் 3 மணிக்கு 36 பாகை, இரவு 10 மணிக்கு 34. பூட்டியிருந்த நாளில் 3 மணிக்கு 33, இரவு 10 மணிக்கு 32க்குக் கொஞ்சம் குறைவு. ஓர் அறையில் ஒரு வாத்தி எடுத்த அளவுதான், ஆராய்ச்சி ஒன்றும் இல்லை. ஆனால் அந்த 2 பாகைக்குள்தான் என் மகன் அழாமல் தூங்குவதும் அழுதுகொண்டு புரளுவதும் இருந்தது.

இரவில் நாம் சண்டை பிடிப்பது இரவின் சூட்டோடு இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. எங்கள் ஊரில் கோடை இரவின் வெளிக்காற்று 26, 27 பாகைக்கு இறங்கிவிடும். அதில் ஒரு பாயைப் போட்டுப் படுத்தால் தூக்கம் தானாக வரும். அறைக்குள் இருப்பது மத்தியானம் வாங்கி வைத்த கடன். சிலாப்பும் சுவரும் வெயிலில் குடித்ததை உடனே கொடுக்காது. சில மணி நேரம் வைத்திருந்து, நாங்கள் விளக்கை அணைத்துப் படுக்கிற நேரம் பார்த்துத் திருப்பித் தரத் தொடங்கும். ஆகவே இரவைப் பற்றி யோசிக்க வேண்டிய நேரம் காலை 8 மணி.

இதே ஊரில் வேறு மாதிரிக் கூரைக்கு வேறு மாதிரிக் கதை. மனைவியின் சித்தி வீட்டு அறைக்கு அஸ்பெஸ்டஸ் சீட். மத்தியானம் அதற்குள் தலை வைக்க முடியாது. ஆனால் சீட் மெல்லியது, சூட்டைச் சேர்த்து வைக்க அதனிடம் இடம் இல்லை. பொழுது பட்டு ஒன்றிரண்டு மணியில் ஆறிவிடும். 10 மணிக்கு சித்தி வீட்டார் குறட்டை விடுவார்கள். நாங்கள் விசிறிக்கொண்டு இருப்போம். பகலில் வீட்டில் ஆள் இல்லாதவர்களுக்கு மெல்லிய கூரை அவ்வளவு மோசமில்லை, பகல் முழுக்கக் குழந்தையோ கிழவரோ உள்ளே இருந்தால் அது கொடுமை. சித்தி பிறகு சீட்டுக்குக் கீழே வெள்ளி ஃபொயில் விரித்து, அதற்குக் கீழே இடைவெளி விட்டு சீலிங் அடித்தார். அந்த இடைவெளிதான் முக்கியம். ஃபொயிலின் மினுக்கம் காற்று இடைவெளியைப் பார்க்க வேண்டும். சீட்டோடும் சீலிங்கோடும் ஒட்டிக் கிடந்தால் அது சும்மா அலங்காரம். அஸ்பெஸ்டஸ் சீட்டைத் துளைப்பது, அரத்தால் அறுப்பது, பாசி போக உரஞ்சுவது எல்லாம் தூசியைக் கிளப்பும், அந்தத் தூசி நெஞ்சுக்கு ஆகாது. இதை மட்டும் எங்கே கண்டாலும் நான் சொல்லிக்கொண்டுதான் இருப்பேன்.

சரி, என் சிலாப்புக்கு வருவோம்.

முதலில் தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். பின்னேரம் 6 மணிக்கு மோட்டரைப் போட்டு, குழாயால் சிலாப் முழுக்க அடித்தால் சூடான தாச்சியில் தண்ணீர் தெளித்த மாதிரி ஆவி எழும்பும். அன்றிரவு நன்றாகத் தூங்குவோம். ஆனால் கிணற்றுத் தண்ணீர் கோடையில் இறங்குகிற நேரம் அது. மூன்றாம் கிழமை சீலிங் மூலையில் ஈரம் கசிந்து பூஞ்சணம் பூத்தது. நிறுத்திவிட்டேன்.

அடுத்தது வெள்ளை. சாம்பல் நிறக் கொங்கிரீட் வெயிலைக் குடிக்கும். வெள்ளை அதில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும். சுண்ணாம்பைக் கரைத்து, கொஞ்சம் பசை சேர்த்து இரண்டு பூச்சு அடித்தேன். செலவுக்கு ஏற்ற பலன் என்று பார்த்தால் இதை மிஞ்ச எதுவும் இல்லை. வெறுங்காலோடு சிலாப்பில் நிற்க முடியாதவன், அன்று மத்தியானம் நின்று பார்த்தேன், நிற்க முடிந்தது. ஆனால் மார்கழி மழை வந்து கழுவிக்கொண்டு போய்விடும். வருடத்துக்கு ஒரு தடவை அடிக்க வேண்டும். கடையில் விற்கிற பிரதிபலிப்புப் பெயின்ட் கூடக் காலம் நிற்கும், விலையும் அதற்கேற்ற மாதிரி.

மூன்றாவதுதான் நிலைத்தது. மகளின் மாடிக்காக நீட்டி வைத்த கம்பிகள் இருந்தனவே, அவற்றில் மூங்கில் கட்டி, சிலாப்புக்கு மேலே ஓர் ஆள் குனிந்து போகிற உயரத்தில் கிடுகுப் பந்தல் போட்டோம். காகங்கள் ஒரு கிழமை கோபித்துக்கொண்டு போயின. வெயில் கிடுகில் விழுகிறது, கிடுகுக்கும் சிலாப்புக்கும் நடுவே காற்று ஓடுகிறது, சிலாப் நாள் முழுக்க நிழலில் இருக்கிறது. கச்சான் தூக்கிக்கொண்டு போகாமல் இருக்க, நாவலடியில் ஒருவரிடம் பழைய மீன்வலை வாங்கி மேலே விரித்துக் கட்டினோம். இருபத்தோராம் நூற்றாண்டுக் கொங்கிரீட்டுக்கு மேலே எங்கள் பாட்டன்மாரின் கூரை. ரோட்டில் போகிறவர்கள் அண்ணாந்து பார்த்துச் சிரிப்பார்கள். நெருப்புக்குப் பயம் உண்டு. காய்ந்த கிடுகு ஒரு பொறிக்குப் போதும். அயலில் குப்பை எரித்தால் மாமி சத்தம் போடுவார், வெடி கொளுத்துகிற நாட்களில் நான் வாளியோடு மேலே நிற்பேன்.

பந்தல் போடும்போது ஒரு விசயத்தைக் கண்டுபிடித்தேன், அதைக் கண்டுபிடிப்பு என்று சொல்ல ஒரு விஞ்ஞான ஆசிரியருக்கு உரிமை இல்லை. வடக்குப் பக்கம் எப்போதும் நிழல் என்று வீடு கட்டுகிறவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். அது எங்கோ வடக்கே இருக்கிற நாடுகளுக்குச் சரி. மட்டக்களப்பு 7.7 பாகை வட அகலாங்கில் இருக்கிறது. சித்திரைப் புத்தாண்டுக்குச் சில நாள் முன்பு சூரியன் உச்சந்தலைக்கு மேலே வரும். பிறகு செப்டம்பர் தொடக்கம் வரை மத்தியானச் சூரியன் எங்களுக்கு வடக்கேதான் நிற்கும். ஜூனில் உச்சியிலிருந்து கிட்டத்தட்ட 16 பாகை வடக்கே சரிந்திருக்கும். அதாவது எங்கள் கோடை முழுவதும் வடக்குச் சுவருக்கு வெயில், தெற்குச் சுவருக்கு நிழல். கிடுகை வடக்கே இரண்டு முழம் கூட இறக்கினேன். மேற்கே தனியாக ஒரு தட்டி. ஆம், வாவியை மறைத்துக்கொண்டு.

சீலையை உள்ளே போடுவதும் தட்டியை வெளியே கட்டுவதும் ஒன்றல்ல. கண்ணாடியைத் தாண்டி வெயில் உள்ளே வந்துவிட்டால் சூடும் உள்ளே வந்துவிட்டது. அதற்குப் பிறகு சீலை தடுப்பது பெரும்பாலும் வெளிச்சத்தைத்தான். தட்டி அதை வெளியிலேயே நிறுத்திவிடும். பழைய வீடுகளுக்கு விறாந்தையும் பத்தியும் எதற்கு இறக்கினார்கள் என்று கேட்டால், வருகிறவர்கள் உட்காரத்தான் என்போம். சுவருக்குக் குடை பிடிக்கவும்தான்.

பகல் இப்படிப் போனால் இரவு எப்படி? இங்கேதான் காற்றின் நேரம் தெரிந்திருக்க வேண்டும். கல்லடி ஓர் ஒடுங்கிய மணல் திட்டு. கிழக்கே கடல், மேற்கே வாவி. பிற்பகலில், கச்சான் கொஞ்சம் விட்டுக்கொடுத்தால், கடற்காற்று உள்ளே வரும். அது இரவு 9, 10 மணி வரை இருக்கும். நிலம் சீக்கிரம் ஆறிவிடும், கடல் ஆற நேரம் எடுக்கும், ஆகவே நடுச்சாமத்துக்குப் பிறகு காற்று திரும்பி, நிலத்திலிருந்து கடலுக்குப் போகத் தொடங்கும். எங்களுக்கு அது வாவியைத் தாண்டி, சேறும் கண்டலும் மணக்க, மேற்கிலிருந்து வரும். இரண்டுக்கும் நடுவில் ஓர் ஓய்வு உண்டு. கடற்காற்று விழுந்து, தரைக்காற்று இன்னும் எழும்பாத நேரம், 10 மணியிலிருந்து 12, சில நாள் 1 மணி வரை. ஒரு இலை அசையாது. நாள் முழுக்கச் சேர்த்த சூட்டைச் சுவர் கக்குகிற நேரமும் அதுதான். தூக்கம் கெடுவது முழு இரவும் இல்லை, அந்த இரண்டு மணி நேரம். அதைத் தாண்டிவிட்டால் விடியப்பறம் போர்வை தேடுகிற ஊர் இது.

அந்த இரண்டு மணி நேரத்துக்குத்தான் ஃபேன். ஃபேன் அறையைக் குளிர்விக்காது. அதன் மோட்டார் உண்மையில் கொஞ்சம் சூட்டைச் சேர்க்கத்தான் செய்யும். அது குளிர்விப்பது எங்கள் தோலை. வியர்வையை ஆவியாக்கி, இரண்டு மூன்று பாகை குறைந்த மாதிரி உணர வைக்கும். ஆள் இல்லாத அறையில் அது சுழல்வது கரண்டுக்குக் கேடு. சூடான சிலாப்புக்கு அடியில் தொங்குகிற ஃபேன் இன்னொரு வேலையும் செய்யும்: மேலே தேங்கி நிற்கிற சூட்டுக் காற்றை அள்ளி முகத்தில் வீசும். அதனால் பொழுது பட்டதும் மேசை ஃபேனை மேற்கு யன்னலில் வெளியே பார்க்க வைத்துவிடுவேன். அது அறைக் காற்றை வெளியே தள்ளும். கிழக்கே இருக்கிற சின்ன யன்னலால் கடற்காற்று உள்ளே இழுபடும். ஒரு மணி நேரத்தில் அறை மாறிவிடும். நடுச்சாமத்துக்குப் பிறகு யாருக்காவது விழிப்பு வந்தால் ஃபேனை உள்ளே திருப்பி விடுவோம். "வெளிய ஃபேன் போடுற வீடு" என்று என் நண்பர்கள் வைத்த பெயர் இன்னும் இருக்கிறது.

ஏசியும் வாங்கினேன், ஒளிக்க ஒன்றுமில்லை. 2019 இல், 12,000 பீடியு. முதல் மாதம் சொர்க்கம். அந்த அளவு சாதாரண ஏசி மணிக்கு ஏறத்தாழ 1 யூனிட் இழுக்கும். இரவுக்கு 7 மணி நேரம் என்றாலும் மாதத்துக்கு 200 யூனிட்டுக்கு மேல். எங்கள் நாட்டில் வீட்டு மின்கட்டணம் படிப்படியாக ஏறுவது. 180 யூனிட்டைத் தாண்டினால் கடைசிப் படி. 60 வொட் ஃபேன் இரவுக்கு 10 மணி நேரம் ஓடினால் மாதம் 18 யூனிட்தான், குறைந்த கரண்டில் ஓடுகிற புது மாதிரி பிஎல்டிசி ஃபேன் என்றால் அதில் பாதி. பில்லைக் கண்டு மனைவி ஒன்றும் சொல்லவில்லை. குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டி வைத்தார், அவ்வளவுதான். இரண்டாம் வருடம் உப்புக்காற்று வெளிப்பெட்டியை அரித்துவிட்டது. விற்ற நிறுவனத்துக்கு ஃபோன் எடுத்தால், கடலுக்குக் கிட்ட வைத்தால் உத்தரவாதம் இல்லை என்று சின்ன எழுத்தில் இருக்கிறதாம். கல்லடியில் கடலுக்குக் கிட்ட இல்லாத இடத்தை அவர்கள் காட்டட்டும். இப்போதும் அது சுவரில் இருக்கிறது. மகன் அதன்மேல் பட்டம் கட்டுகிற நூலை வைப்பான்.

கரண்டை நம்பி இருக்கக்கூடாது என்பதை 2022 படிப்பித்தது. மார்ச் மாதக் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை வெட்டினார்கள். ஃபேனும் இல்லை, தண்ணீர் மோட்டரும் இல்லை. நாங்கள் நாலு பேரும் மேல் அறையைப் பூட்டிவிட்டுக் கீழே மாமியின் ஓட்டு வீட்டுக்கு இறங்கினோம். சிவப்புச் சீமெந்து நிலத்தைத் துடைத்து, பன்பாய் விரித்து, கிழக்குக் கதவையும் மேற்குக் கதவையும் திறந்து வைத்துவிட்டு வரிசையாகப் படுத்தோம். கூரை உயரம், சூடு மேலே போய் ஓட்டு இடுக்கால் வெளியேறிவிடும். நிலம் மண்ணோடு ஒட்டியிருப்பதால் அது எப்போதும் குளிர்ச்சி. ஃபோம் மெத்தை உடம்புச் சூட்டைத் திருப்பி உடம்புக்கே தரும்; பன்பாய் அப்படிச் செய்யாது, அதன் கோரைக்குள் காற்று நிற்கும். அந்த இரவுகளில் மாமி, இருட்டுக்குள் படுத்தபடி, பேரப் பிள்ளைகளுக்குச் சூறாவளிக் கதை சொன்னார். நானும் கேட்டேன். எங்கள் வீட்டில் எல்லோரும் ஒன்றாகப் படுத்த கடைசிக் காலம் அதுதான் என்று நினைக்கிறேன்.

நுளம்பு இல்லாவிட்டால் முற்றத்திலேயே படுத்திருக்கலாம். வலைக்குள் காற்று பாதியாகிவிடும் என்பது எல்லோருக்கும் தெரியும். அதனால் கட்டிலுக்கு வலை கட்டுவதை விட்டு யன்னலுக்கு வலை அடித்தேன். டெங்கு நுளம்பு பகலில் கடிப்பது என்பதால் பகலில் பூட்டிய யன்னல் அதற்கும் உதவியது. குளிர்ச்சிக்கு என்று அறையில் வாளியில் தண்ணீர் வைப்பவர்கள் மூடி வைக்க வேண்டும், அல்லது காலையில் கவிழ்த்துவிட வேண்டும்.

ஈரத்துணி பற்றி எங்கள் வீட்டில் ஒரு பெரிய வழக்கு நடந்தது. நனைத்த சீலையை யன்னலில் தொங்கவிட்டால் குளிரும் என்று மனைவி. ஒன்றும் ஆகாது, இன்னும் புழுங்கும் என்று நான். இரண்டு பேரும் சரி. கச்சான் நாளில் காற்று காய்ந்தது. ஈரச் சீலையில் பட்டதும் தண்ணீர் ஆவியாகி, அதற்கு வேண்டிய சூட்டைக் காற்றிலிருந்தே எடுத்துக்கொள்ளும், உள்ளே வருவது குளிர்ந்த காற்று. கச்சான் விழுந்து, கடற்பக்கம் மேகம் கட்டி, உடம்பு பிசுபிசுக்கிற நாளில் காற்றில் ஏற்கனவே ஈரம் நிறைந்திருக்கிறது. துணி காயவும் காயாது, அறைக்குள் ஈரத்தைச் சேர்ப்பதுதான் மிச்சம். வெக்கை வேறு, புழுக்கம் வேறு. வெக்கைக்கு ஈரம், புழுக்கத்துக்குக் காற்று. எங்கள் பாசையில் இரண்டுக்கும் தனித்தனிச் சொல் இருந்தும் நான் அதைக் கவனிக்கவில்லை.

இந்த மாதங்களில்தான் எங்கள் பக்கத்துக் கண்ணகி அம்மன் கோயில்களில் சடங்கு நடக்கும். செட்டிபாளையம், காரைதீவு, தம்பிலுவில் என்று வைகாசியில் ஊர் ஊராகக் கதவு திறப்பார்கள். மதுரையை எரித்துவிட்டு வந்தவளின் கோபம் தணிய, கடைசி நாள் அவளைக் குளிர வைக்கிற குளிர்த்திப் பாடல் பாடி, வேப்பிலையால் தண்ணீர் தெளிப்பார்கள். கச்சான் கொதிக்கிற மாதத்தில் ஒரு தெய்வத்தைக் குளிர வைக்க ஊரே இரவு முழுக்க விழித்திருப்பது. அந்தத் தண்ணீர் மேலே படுகிறபோது வருகிற சிலிர்ப்பை ஏசிக்காரனால் தர முடியாது. மனைவிக்கு இது விளங்கும். என் வெப்பமானிக்கு விளங்காது.

உடம்பைப் பற்றிக் கொஞ்சம். தூக்கம் வருவதற்கு உடம்பின் உள்சூடு இறங்க வேண்டும். பெரும்பாலும் கை கால் வழியாக அது வெளியேறும். படுக்கப் போக முன் கால் முகம் கழுவச் சொன்ன கிழவிகள் சும்மா சொல்லவில்லை. முழுகுவதானால் ஐஸ் தண்ணீர் வேண்டாம், கிணற்றுத் தண்ணீர் போதும். இரவுச் சாப்பாட்டைக் குறைத்து, 7 மணிக்கே முடித்து, பின்னேரம் வத்தகப்பழமோ மோரோ குடித்தால் போதும். எருமைத் தயிரைப் பற்றி நான் பேசத் தொடங்கினால் இந்தக் கட்டுரை வேறு பக்கம் போய்விடும். ஆனால் வயதானவர்களைச் சும்மா விடக்கூடாது. மாமிக்குப் பிரசர் இருக்கிறது. கோடையில் தாகம் தெரியாது, கேட்கவும் மாட்டார். போன வருடம் ஒரு மத்தியானம் தலை சுற்றுகிறது என்று சொல்லி, பேச்சும் கொஞ்சம் தடுமாறியது. ஈரத் துவாயால் கழுத்தையும் அக்குளையும் ஒற்றியபடி ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு ஓடினோம். அன்று அவர் தன் ஓட்டு வீட்டில் இருக்கவில்லை. என் அறையில், பேத்தியின் தலைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டு இருந்தார். யன்னல் திறந்திருந்தது. திறந்து வைத்தது யார் என்று யாரும் கேட்கவில்லை.

அதன் பிறகு காலை 8 மணிக்கு கீழேயிருந்து ஒரு குரல் வரும்: "மேல பூட்டியாச்சா மனே?" மருமகன் மனேயாக மாறியதும் அந்த வருடம்தான். பாடசாலைக்கு நேரம் பிந்தினாலும் பூட்டிவிட்டுத்தான் இறங்குவேன்.

மேற்குச் சுவரோரம் ஒரு வேம்பு வைத்திருக்கிறேன். அது என் இடுப்பளவுக்கு வந்திருக்கிறது. சிலாப்பைத் தொட இன்னும் எத்தனை கச்சான் காண வேண்டுமோ. அதுவரை கிடுகுதான். போன மழைக்குப் பாதி உக்கிப் போயிற்று. களுவாஞ்சிகுடிப் பக்கம் பின்னுகிற ஒரு அக்காவிடம் 60 கிடுகு சொல்லி வைத்திருக்கிறேன். சித்திரை பிறக்க முன் தருவதாகச் சொன்னார். மகள், மாடி எப்போது கட்டுவோம் அப்பா என்று கேட்கிறாள். கம்பி எல்லாம் இப்போது பந்தலைத் தாங்கிக்கொண்டு இருக்கிறதே பிள்ளை, என்கிறேன்.